முன்கண்ணாடி மாற்றிய பிறகு மலைப்பாதையில் கார் தானாகப் பிரேக் போடுகிறது: கேமராவை எப்படிச் சரி செய்வது?

கோத்தகிரிக்காரி எழுதியது:

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். மாதம் இரண்டு முறை அம்மாவை மூட்டு வைத்தியத்துக்காகக் கோயம்புத்தூர் கூட்டிப் போய் வருகிறேன். வண்டி ஓட்டுவது நான்தான். அந்தப் பயணத்தை நினைத்துத்தான் இரண்டு வருடம் முன்பு அடாஸ் (சாலையைத் தானே பார்த்துப் பிரேக், ஸ்டீயரிங்கில் ஓட்டுபவருக்கு உதவும் வசதி) உள்ள கார் வாங்கினோம். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன் கிரில்லுக்குள் ஒரு ரேடார். வண்டி பெயரையும் கண்ணாடி மாற்றிய கடையின் பெயரையும் இங்கே போட விரும்பவில்லை. யாரையும் திட்டுவதற்காக எழுதவில்லை, எனக்கு வழி தெரிய வேண்டும்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, வாசலில் நின்ற வண்டி மேல் சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்தது. முன்கண்ணாடியில் வலது மேல் மூலையில் தொடங்கிய விரிசல் காலைக்குள் பாதி தூரம் ஓடிவிட்டது. கோவையில் ஒரு கடையில் கண்ணாடி மாற்றினேன். மூன்று மணி நேர வேலை. வண்டியை எடுக்கும்போது கேமராவைப் பற்றிக் கேட்டேன். "கழற்றி அப்படியே திரும்ப மாட்டிட்டோம் மேடம், ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார்கள். நம்பி வந்துவிட்டேன்.

அன்றைக்கே காரமடை தாண்டி வரும்போது ஒன்று கவனித்தேன். வெள்ளைக்கோடு தெரிகிற இடத்தில் எல்லாம் ஸ்டீயரிங் மெதுவாக இடது பக்கம் இழுக்கிறது. முன்பு வண்டி கோட்டுக்கு நடுவில் அழகாகப் போகும். இப்போது ஓரக்கோட்டை ஒட்டிப் போகிறது. ஓரத்தில் சைக்கிளில் ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். நான் பிடித்து வலது பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

பெரிய பயம் அடுத்த பயணத்தில் வந்தது. குஞ்சப்பனை தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறேன். வளைவில் மேலேயிருந்து இறங்கிய பஸ், ஏறுகிற வண்டிக்கு வழி விட்டுத் தன் பக்கத்து ரோட்டிலேயே சரியாக நின்றுவிட்டது. டிரைவர் கையைக் காட்டி வாங்க என்கிறார். நான் போகிறேன். திடீரென்று டேஷ்போர்டு முழுக்கச் சிவப்பு, வண்டி தானாகப் பிரேக் அடித்து நின்றது. அம்மாவின் கையில் இருந்த பிளாஸ்க் கீழே விழுந்தது. எனக்குப் பின்னால் காலியாக ஏறிய காய்கறி லாரி ஒரு முழம் இடைவெளியில் நின்றது. அந்த டிரைவர் கவனமாக ஓட்டியதால் தப்பித்தோம்.

அதற்குப் பிறகு இதே மாதிரி இன்னும் இரண்டு தடவை. இரண்டிலும் எதிரே வண்டி வந்தபோதுதான். கண்ணாடி மாற்றுவதற்கு முன்பு இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை.

டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பனி மூடிய காலையில் மட்டும் முன் கேமரா தற்காலிகமாக இயங்கவில்லை என்று வருகிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது.

என் கேள்விகள் இவை. கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்பக் கேலிபிரேஷன் (அது பார்க்கிற திசையை வண்டியோடு ஒத்துப்போக வைப்பது) செய்தே ஆக வேண்டுமா? செய்யாமல் விட்டால் வண்டி தானே சரி செய்துகொள்ளுமா? ஊட்டி, குன்னூர் பக்கமே முடித்துவிட முடியுமா, கீழே இறங்கித்தான் ஆக வேண்டுமா? அதுவரை நான் எப்படி ஓட்டுவது? அடுத்த வாரம் அம்மாவுக்கு மறுபடி டாக்டரைப் பார்க்கணும்.

---

குன்னூர் டிரைவர்:

அக்கா, கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன். சரியாகும் வரை லேன் அசிஸ்ட் (கோட்டுக்கு நடுவில் வண்டியைப் பிடித்து வைக்கிற வசதி), தானியங்கிப் பிரேக் இரண்டையும் அணைத்துவிட்டு ஓட்டுங்கள். நிறைய வண்டிகளில் தானியங்கிப் பிரேக் ஒவ்வொரு முறை இன்ஜின் ஆன் செய்யும்போதும் தானாக ஆன் ஆகிவிடும். டீ குடிக்க நிறுத்தினால், திரும்பக் கிளம்பும்போது மறுபடி அணைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நான் பதினேழு வருடமாக மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற கல்லாறு பாதையில் ஓட்டுகிறேன். கண்ணாடி மாற்றாத நல்ல வண்டியிலும் இந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் லேன் அசிஸ்ட் பிரயோஜனம் இல்லை. கோடு பாதி இடத்தில் தெரியாது. வளைவில் திரும்பும்போது கேமராவுக்கு எதிரே இருப்பது தடுப்புச் சுவர்தான், ரோடு அதன் பார்வையை விட்டே போய்விடும். வேகத்தைத் தானே பார்த்துக்கொள்கிற க்ரூஸ் கண்ட்ரோலையும் மலையில் போட வேண்டாம். முன்னால் போகிற வண்டி வளைவில் மறைந்தவுடன் ரோடு காலி என்று நினைத்து இது வேகம் எடுக்கும். நானே பார்த்திருக்கிறேன். இறக்கத்தில் இரண்டாவது கியர், கால் பிரேக் மேல், அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் சொல்வது அந்த மாதிரி இல்லை. காரமடை நேர் ரோட்டிலேயே இடது இழுக்கிறது என்றால் வண்டியில்தான் ஏதோ இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

அளவுகோல்:

அக்கா, நான் கட்டபெட்டுப் பக்கம் பிறந்தவன். இப்போது பெங்களூரில் வண்டிக் கேமரா மென்பொருளில் வேலை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டி வீட்டுக்குப் போகிற அதே ரோட்டில் நடந்த விஷயம் இது.

கேமராவுக்கு இரண்டு வகை அளவு தெரிய வேண்டும். ஒன்று அதன் உள் அளவு: லென்ஸின் குவியத் தூரம், படத்தின் மையப்புள்ளி எங்கே, ஓரத்தில் நேர்க்கோடு எவ்வளவு வளைந்து தெரிகிறது. இதைத் தொழிற்சாலையிலேயே எடுத்து கேமராவுக்குள் எழுதிவிடுவார்கள். ஆராய்ச்சிக்கூடங்களில் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்ட அட்டையைப் பல கோணத்தில் காட்டி இதைக் கணக்கிடுவோம். ஜெங்யோ ஜாங் என்பவர் 2000இல் வெளியிட்ட முறை அது, இன்றும் மாணவர்கள் முதலில் கற்பது அதைத்தான். உங்கள் கேமராவையே திரும்ப மாட்டியிருப்பதால் இந்த உள் அளவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இரண்டாவது, வண்டியோடு சேர்த்துப் பார்த்தால் கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. மேல் கீழ் எவ்வளவு, இடது வலது எவ்வளவு, சாய்வு எவ்வளவு. உங்களுக்குக் கெட்டுப்போனது இதுதான். கேமரா தாங்கி கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடி மாறினால் தாங்கியும் மாறும். அது ஒரு மயிரிழை திரும்பி ஒட்டியிருந்தாலும் கேமராவின் பார்வை திரும்பிவிடும்.

எவ்வளவு திரும்பினால் என்ன ஆகும்? ஒரு டிகிரி பக்கவாட்டில் திரும்பினால் 50 மீட்டர் தூரத்தில் 87 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். 100 மீட்டரில் 1.75 மீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலமே 3.5 மீட்டர்தான். அதாவது 100 மீட்டருக்கு அப்பால் பாதி லேன் தள்ளி நிற்கும்.

இப்போது உங்கள் இரண்டு தொந்தரவையும் சேர்த்துப் பாருங்கள். கேமரா கொஞ்சம் வலது பக்கம் திரும்பியிருந்தால், அதன் படத்தில் எல்லாமே இடது பக்கம் தள்ளித் தெரியும். கோடுகள் இடது பக்கம் இருக்கின்றன, நாம் வலது பக்கம் விலகிவிட்டோம் என்று வண்டி நினைக்கும். அதைச் சரி செய்ய இடது பக்கம் இழுக்கும். காரமடையில் நடந்தது இது.

நாம் இடது பக்கம் ஓட்டுகிற நாடு. எதிர் வண்டி நமக்கு வலது பக்கம் வரும். அதையும் கேமரா இடது பக்கம் தள்ளிப் பார்த்தால் அந்த வண்டி நம் லேனுக்குள்ளேயே நிற்கிற மாதிரி ஆகிவிடும். குஞ்சப்பனையில் பஸ் நின்றது தன் பக்கத்து ரோட்டில். உங்கள் கார் பார்த்தது தன் மூக்குக்கு நேரே நிற்கிற ஒரு பஸ்ஸை. அகலமான ரோட்டில் அரை மீட்டர் பிசகினால் தெரியாது. நம் ரோட்டில் இரண்டு வண்டி உரசாமல் போக இருக்கிற இடைவெளியே அவ்வளவுதான். ஒரே பிழைதான் இரண்டாக வெளிப்படுகிறது என்று நினைக்கிறேன்.

ரேடார் இருக்கிறதே, அது திருத்தாதா என்று கேட்பீர்கள். ரேடார் தூரத்தையும் வேகத்தையும் நன்றாகச் சொல்லும். பக்கவாட்டில் எங்கே என்பதில் அதற்கு அவ்வளவு கூர்மை கிடையாது. அதனால் தூரத்துக்கு ரேடாரையும் பக்கவாட்டுக்குக் கேமராவையும் நம்புகிற மாதிரிதான் பெரும்பாலும் இணைத்திருப்பார்கள். பஸ் இருக்கிறது என்று ரேடார் சொன்னது, அது உண்மை. உங்கள் வழியில் இருக்கிறது என்று கேமரா சொன்னது, அதுதான் தப்பு. வளைவில் இரும்புத் தடுப்புகளும் ரேடாருக்குப் பளிச்சென்று தெரியும், அதனால் மலையில் கேமராவின் பொறுப்பு இன்னும் கூடிவிடுகிறது.

ரேடார் இல்லாமல் ஒரே கேமரா உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். அதில் மேல் கீழ் கோணம்தான் முக்கியம். கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் முன்னால் நிற்கிற வண்டியின் டயர் தரையைத் தொடும் இடம் அடிவானத்துக்கு சுமார் 2.5 டிகிரி கீழே தெரியும். அந்தக் கோணத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. கேமரா அரை டிகிரி மேலே நிமிர்ந்திருந்தால் 30 மீட்டர் 25 ஆகத் தெரியும், வீணாகப் பிரேக் போடும். அரை டிகிரி குனிந்திருந்தால் 37 மீட்டருக்கு மேல் தெரியும், தாமதமாகப் போடும். 50 மீட்டரில் பார்த்தால் குனிந்த கேமராவுக்கு அது 75 மீட்டர். வீணாகப் பிரேக் போடுகிற வண்டியை நீங்கள் கவனித்துவிடுவீர்கள். தாமதமாகப் போடுகிற வண்டி தேவைப்படும் நாள் வரைக்கும் ஒன்றும் சொல்லாது. எனக்குப் பயம் இந்த இரண்டாவது வகை மேல்தான்.

அந்த அரை டிகிரி எவ்வளவு சின்னது என்றால், 2.6 மீட்டர் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம்) உள்ள வண்டியில் பின்பக்கம் 23 மில்லிமீட்டர் தாழ்ந்தால் போதும். டிக்கியில் நாலு மூட்டை கேரட் ஏற்றினாலே தாழ்ந்துவிடும்.

வண்டி தானே சரி செய்துகொள்ளுமா என்று கேட்டீர்கள். ஓரளவுக்குச் செய்யும். நேர் ரோட்டில் போகும்போது இரண்டு பக்கக் கோடுகளும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேருகிற மாதிரி தெரியும் அல்லவா, அந்தப் புள்ளியை வைத்துத் தன் கோணத்தை அது நுணுக்கமாகத் திருத்திக்கொண்டே இருக்கும். சுமை ஏற்றினால் வரும் சின்ன மாற்றத்தை எல்லாம் அப்படித்தான் சமாளிக்கிறது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு, நேரான ரோடும் வேண்டும். அரவேணுவுக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் எங்கே இருக்கிறது நேர் ரோடு? நம் ஊரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குக் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது.

இன்னொரு விஷயம், கண்ணாடியே கேமராவின் ஒரு பாகம்தான். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் பிவிபி என்கிற மெல்லிய படலம் வைத்து ஒட்டியது. படலம் பொதுவாக 0.76 மில்லிமீட்டர். கண்ணாடியின் இரண்டு முகமும் இணையாக இருந்தால் வெளிச்சம் கொஞ்சம் தள்ளிப் போகுமே தவிர திசை மாறாது. நடுவில் துளி ஆப்பு மாதிரி கனம் மாறினால் திசையே மாறும். அதனால்தான் கேமரா பார்க்கிற பகுதிக்கு மட்டும் தனித் தரம் வைத்திருப்பார்கள். உங்கள் பில்லில் எழுதியிருக்கும் கண்ணாடி உங்கள் மாடலில் கேமரா உள்ள வகைக்கானதுதானா என்று பாருங்கள். ஒரே மாடலில் கேமரா இல்லாத வகையும் விற்றிருப்பார்கள். இரண்டும் அளவில் ஒன்றாகத்தான் இருக்கும்.

டார்ச் எடுத்து வெளியிலிருந்து கேமரா மூடியைப் பாருங்கள். ஒட்டாமல் இடைவெளி ஏதாவது தெரிகிறதா, உள்ளே ஆவி படிகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

---

மேட்டுப்பாளையம் அலைன்மென்ட்:

தம்பி சொன்னதை நானும் படித்தேன், நன்றாகப் புரிந்தது. நான் டயர், வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரி செய்வது) கடை வைத்திருக்கிறேன். கேமரா வேலை என்னிடம் இல்லை. ஆனால் அங்கே போவதற்கு முன்னால் என் மாதிரி ஆளிடம் வர வேண்டும், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வண்டி நேராகப் போகிற திசையை முடிவு செய்வது பின் சக்கரங்கள். பின் அச்சு கோணலாக இருந்தால் பானெட் ஒரு பக்கம் பார்க்கும், வண்டி ஒரு பக்கம் போகும். கேமராவை எந்தத் திசைக்கு நேர் வைப்பது? வண்டி போகிற திசைக்கு. அதனால் முதலில் நாலு சக்கர அலைன்மென்ட். அது கோணலாக இருக்கும்போது கேமராவைச் சரி செய்தால், அலைன்மென்ட் பார்த்த அன்றைக்குக் கேமரா மறுபடி தப்பாகிவிடும். மலையிலிருந்து வருகிற வண்டிகளில் பத்தில் ஏழுக்கு முன் சக்கரம் ஏதாவது விலகித்தான் இருக்கும், என் கடை அனுபவம் இது. மழைக்குப் பிறகு குழிகள் அப்படி.

ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கிற சென்ஸரையும், நேராக இருக்கும்போது பூஜ்யம் காட்டும்படி செய்யச் சொல்லுங்கள். நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் கோணலாக நிற்கிறதா? அதை நாம் பழகிவிடுவோம், வண்டி பழகாது.

டயர் காற்றை கேலிபிரேஷன் செய்கிற இடத்திலேயே, டயர் ஆறிய பிறகு பாருங்கள். கோத்தகிரியில் பிடித்துவிட்டுக் கீழே வந்தால் உயரமும் மாறும், சூடும் மாறும், மீட்டர் வேறு காட்டும். ஒரு பக்கம் குறைந்தால் வண்டி சாயும். டிக்கியைக் காலி செய்துவிட்டுப் போங்கள் அம்மா. உரமூட்டை, ஜாக்கி, குடை எல்லாம் சேர்ந்தால் கனம்தான்.

---

அளவுகோல்:

அண்ணன் சொன்ன ஸ்டீயரிங் பூஜ்யத்துக்கு ஒரு கணக்கு. ஸ்டீயரிங் 15 டிகிரி சுற்றினால் சக்கரம் 1 டிகிரி திரும்புகிற வண்டி என்று வைப்போம். ஸ்டீயரிங் சென்ஸர் வெறும் 3 டிகிரி தப்பாக இருந்தால், அதை மட்டும் நம்பினால், 50 மீட்டருக்கு அப்பால் வண்டி எங்கே இருக்கும் என்பதில் 1.7 மீட்டர் பிசகு வரும். வண்டி திரும்புகிற வேகத்தை அளக்கும் இன்னொரு சென்ஸரையும் சேர்த்துத்தான் கணக்கிடும், அதனால் நிஜத்தில் இவ்வளவு ஆகாது. ஆனாலும் அண்ணன் சொன்ன வரிசைதான் சரி: முதலில் சக்கரம், அப்புறம் ஸ்டீயரிங், அப்புறம் கேமரா.

---

கூடலூர் பயணி:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் ராத்திரியில் காட்டெருமையும் யானையும் ரோட்டில் நிற்கும். இந்தக் கேமரா அதைப் பார்த்துப் பிரேக் போடுமா? இன்னொன்று, என் வண்டி பம்பரில் சின்ன அடி, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் போதுமா?

---

அளவுகோல்:

விலங்குகளுக்கு இதை நம்பவே நம்பாதீர்கள். இந்தக் கேமராக்களுக்குக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் கார், லாரி, பைக், சைக்கிள், நடக்கிற மனிதர். பல வண்டிகளின் கையேட்டிலேயே விலங்குகளை அடையாளம் காணாமல் போகலாம் என்று எழுதியிருப்பார்கள். ராத்திரியில், பனியில், கறுப்பு உடம்போடு நிற்கிற காட்டெருமையை நம் கண்ணே கடைசியில்தான் பார்க்கிறது. ரோட்டோரம் கால்களில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள். எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்தது, அதன் கால் மட்டும்தான் முதலில் தெரியும்.

பம்பர் விஷயம்: ரேடார் பம்பருக்குப் பின்னால் இருந்தால், அந்த இடத்தில் பட்டி வைக்க வேண்டாம். வண்டி ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்கிறது, அதன் அலைநீளம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. கனமான பட்டி, பல கோட் மெட்டாலிக் பெயின்ட் எல்லாம் அதன் வழியில் நிற்கும். பம்பரைக் கழற்றி மாட்டினாலும் ரேடார் கோணத்தைச் சரி பார்க்கச் சொல்லுங்கள்.

---

கோத்தகிரிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்ன மாதிரி அன்றைக்குச் சாயங்காலமே டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரைவர் சீட்டிலிருந்து பார்க்கிற கணக்கில், கேமரா மூடியின் இடது ஓரம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி. விசிட்டிங் கார்டு ஒன்றை உள்ளேயிருந்து நுழைத்துப் பார்த்தேன், தடையில்லாமல் போனது. அந்தப் பக்கக் கிளிப் உட்காரவே இல்லை. கேமராவுக்கு முன்னால் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்கு ஆவி படிந்திருந்தது. பனிக் காலையில் கேமரா இயங்கவில்லை என்று வருவது இதனால்தான் என்று அப்போது புரிந்தது. நான் எதையும் தொடவில்லை.

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தேன். கேலிபிரேஷன் எங்கள் வேலை இல்லை என்றார்கள். சரி, அது இன்னோர் இடத்து வேலையாகவே இருக்கட்டும். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டேன். கேட்ட பிறகும் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. என் அம்மா அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நான் மட்டும் இறங்கினேன். முதலில் அலைன்மென்ட். முன் இடது சக்கரம் விலகித்தான் இருந்தது, ஸ்டீயரிங்கும் இரண்டு டிகிரி கோணல். அப்புறம் கோவையில் கம்பெனி சர்வீஸ் சென்டர். அங்கே இருந்த டெக்னீஷியன் மூடியைத் திறந்து காட்டினார். கிளிப்பின் அடியில் பழைய பசைத் துணுக்கு ஒன்று, அரிசியில் பாதிகூட இருக்காது, அது மாட்டிக்கொண்டதால்தான் கேமரா வலது பக்கம் சரியாக உட்காரவில்லை. அதைக் கத்தி முனையால் எடுத்துவிட்டு, கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்து, கேமராவைத் திரும்ப உட்கார வைத்தார். இந்த முறை டக்கென்று சத்தம் கேட்டது. கண்ணாடி சரியான வகைதான் என்றும் பார்த்துச் சொன்னார். பட்டன்போல் மழை சென்ஸர் ஒன்று பக்கத்தில் இருக்கிறது, அதன் ஜெல்லில் காற்றுக்குமிழி இருந்தது, அதையும் மாற்றினார்.

அதன் பிறகு நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் வீடு கட்டும்போது கொத்தனார் செய்த வேலை எல்லாம் அங்கே இருந்தது. தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பானெட் முத்திரையின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அதன் முனை தொட்ட இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். பின்பக்கமும் அதே மாதிரி. இரண்டு புள்ளியையும் இணைத்து முன்னால் நூல் பிடித்தார். அந்த நூலுக்கு நடுவாக, கையேடு சொல்கிற தூரத்தில், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையை நிறுத்தினார். உயரத்தை டேப் வைத்து இரண்டு முனையிலும் அளந்தார். ஜன்னல் வெயில் பலகை மேல் விழுந்ததால் ஷட்டரைப் பாதி இறக்கினார். பேட்டரியில் சார்ஜர் மாட்டினார், நடுவில் மின்சாரம் தாழ்ந்தால் பாதியில் நின்றுவிடுமாம். பலகையை நிறுத்துவதற்கு நாற்பது நிமிடம். கேமரா அதைப் படித்தது ஒரு நிமிடம்கூட இல்லை.

பழைய நிலையையும் முதலிலேயே படித்து வைத்திருந்தார், கேட்டதும் காட்டினார். வலது பக்கம் 0.7 டிகிரி திரும்பியிருந்தது. தம்பி, நீங்கள் பெங்களூரிலிருந்து வந்து வண்டியைப் பார்த்த மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். 30 மீட்டரில் 37 சென்டிமீட்டர் என்று நானே போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் அன்றைக்கு இருந்ததே அவ்வளவுதான் இருக்கும்.

பலகை வேலையோடு முடியவில்லை. என் வண்டிக்கு ரோட்டிலும் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். மடிக்கணினியை மாட்டிக்கொண்டு நீலாம்பூரிலிருந்து அவினாசி பக்கம் அந்தப் பெரிய ரோட்டில் போனோம். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில். இரண்டு பக்கமும் கோடு தெளிவாக இருக்க வேண்டும், வேகம் 60க்குக் கீழே போகக் கூடாது, முன்னால் லாரியை ஒட்டிப் போகக் கூடாது. வேலை எவ்வளவு முடிந்தது என்று மடிக்கணினியில் எண்பது விழுக்காடு வரை ஏறிய அளவு ஒரு பாலம் தாண்டும்போது கோடு அழிந்திருந்ததால் நின்றுவிட்டது. திரும்ப ஏறியது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். நம் மலையில் இந்த வேலையைச் செய்யவே முடியாது என்பதை அங்கே உட்கார்ந்துதான் உணர்ந்தேன். மழையோ பனியோ இருந்தால் அன்றைக்குக் கீழேயும் செய்ய மாட்டார்களாம். கிளம்பும் முன் போன் செய்து வானிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது காரமடையில் லேன் அசிஸ்டைப் போட்டேன். நடுவிலேயே போனது. மேட்டுப்பாளையம் தாண்டியதும் அதை அணைத்துவிட்டேன், குன்னூர் அண்ணன் சொன்னதுபோல இனி மலைக்கு அது வேண்டாம். பிரேக்கை மட்டும் விட்டு வைத்தேன். குஞ்சப்பனையில் அதே வளைவில் ஒரு டெம்போ இறங்கி வந்தது. நான் காலைப் பிரேக் மேல் வைத்துக்கொண்டு போனேன். வண்டி எதுவும் சொல்லவில்லை.

---

குன்னூர் டிரைவர்:

சந்தோஷம் அக்கா. பணம் எவ்வளவு ஆச்சு, இன்ஷூரன்ஸில் வந்ததா? என் முதலாளி வண்டிக்கும் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன்.

---

கோத்தகிரிக்காரி:

என் கிளெய்ம் கண்ணாடியோடு முடிந்துவிட்டது, இதைக் கையிலிருந்துதான் கட்டினேன். உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள், கண்ணாடி மாற்றும் முன்பே எஸ்டிமேட்டில் கேலிபிரேஷனைத் தனி வரியாக எழுதச் சொல்லி, அதோடு சேர்த்து இன்ஷூரன்ஸ் சர்வேயரிடம் கேட்கட்டும். பின்னால் போய்க் கேட்டால் நான் நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டும். முன்பு, பின்பு என்று இரண்டு அளவையும் தாளில் அச்சடித்து வாங்குங்கள். என்னுடையது ஆர்சி புத்தகத்தோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறேன், மேட்டுப்பாளையம் அண்ணனிடம் டயர் காற்றைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்திருக்குமா?

---

மேட்டுப்பாளையம் அலைன்மென்ட்:

எட்டரைக்கே திறந்துவிடுவேன் அம்மா, வாங்க.